பிறக்காத மகனின் தகப்பன்

டிசம்பர் 8, ஞாயிறு

ஈரப்பனி. பல்கனிக் கம்பியில் கஞ்சி போல வழிகிறது. இடியப்பத்துக்கு மா அவிக்க வைத்தேன். அடுப்பை அணைக்க முன்னமே பக்கத்து வீட்டிலிருந்து குலவைச் சத்தம். பிறகு என் கதவில் அடி. தட்டல் இல்லை, அடி.

ரீமா. தலை வாரவில்லை. ஒரு காலில் மட்டும் சப்பாத்து.

"ரீச்சர், ஓடிட்டான்! பிளேன் ஏறி ஓடிட்டான்!"

சிரியாவில் யுத்தம் முடிந்துவிட்டது. நான் நித்திரையாக இருந்த நேரம் டமாஸ்கஸ் விழுந்து, ஜனாதிபதி தப்பி ஓடியிருக்கிறான்.

மறதி கூடிவிட்டதால் ஆட்களைப் பற்றிக் குறித்து வைக்கிறேன். ரீமா ஹோம்ஸ் ஊர்க்காரி, இங்கே கனடாவில் ஒரு சலூனில் தலைமயிர் வெட்டும் வேலை. நூலகத்தில் நான் செவ்வாய்தோறும் நடத்தும் இங்கிலீஷ் பேச்சு வகுப்புக்கு வந்தவள். பிறகுதான் இருவரும் ஒரே மாடி என்று தெரிந்தது. மகள் லமீஸ், பதினோராம் வகுப்பு. கணவன் மாஜித், பிரிட்ஜ் திருத்துகிறவர். பல வருஷங்களுக்கு முன் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. நாங்கள் பேசுவது இங்கிலீஷில். எழுதும்போது என் தமிழில் வந்துவிடுகிறது.

மத்தியானம் அவர்களோடு லோரன்ஸ் வீதிக்குப் போனேன். கார் ஹோர்ன், கொடிகள், மேளம். முன்பின் தெரியாத ஒரு முதியவர் என் வாயில் பக்லாவாத் துண்டைத் திணித்தார். சீனி வருத்தம் என்று சொல்லவும் இடம் தரவில்லை. ஊரில் எங்கள் யுத்தம் தோல்வியில் முடிந்த அந்த மே மாதம் இதே நகரத்தில் வீதியில் குந்தியிருந்து கத்தினோம். வெற்றி என்று பாற்சோறு கொடுத்துக் கொண்டாடியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

பின்னேரம் என் வீட்டில், ரீமாவின் கைபேசியில், சிறைகள். இரும்புக் கதவுகளைச் சுட்டுத் திறக்கிறார்கள். ஒருவன் வெளியே வருகிறான். பெயர் கேட்கிறார்கள், தெரியவில்லை. சிரிக்கிறான், அழுகிறான், மறுபடி சிரிக்கிறான். ஒரு அறையின் நிலத்தில் கயிறுகள், முடிச்சோடு. இன்னொன்றில் துணியில் சுற்றிய உடல்கள், கால்கள் மட்டும் வெளியே. ரீமா படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கிக் கால்விரல்களைப் பார்க்கிறாள். மாஜித்தின் இடது கால் பெருவிரலில் ஒருமுறை பிரிட்ஜ் கொம்பிரசர் விழுந்ததாம். நகம் இல்லை.

"ஸ்டொப் இற், அம்மா. ப்ளீஸ்," என்றாள் லமீஸ். ரீமா நிறுத்தவில்லை.

பிக்கரிங்கில் இருந்து எங்கள் ஊர் ஆள் சிவலிங்கண்ணை போன். "ரீச்சர், நியூஸ் பாத்தனீங்களோ? உவையின்ரை பொம்பிளையள் பாவங்கள். வாய் திறக்கவே விடமாட்டாங்கள்."

அந்த நேரம் ரீமா என் பல்கனியில் சிகரெட்டும் கையுமாக நின்று கைபேசியில், அங்கே இருக்கும் யாரோ ஒரு தளபதியை ஏசிக்கொண்டிருந்தாள். கழுதைக்குப் பிறந்தவனே, நிலத்துக்குக் கீழே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், தோண்டு, என்று. லமீஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஓம் அண்ணை," என்றேன், "திறக்கிறேல்லைத்தான்."

டிசம்பர் 10, செவ்வாய்

வெயில் இருந்தும் குளிர். வகுப்பில் ஒருவரும் இங்கிலீஷ் பேசவில்லை, எல்லார் கையிலும் கைபேசி. ரீமா வரவில்லை. திரும்பும் வழியில் பால், கறிவேப்பிலை, மாத்திரை.

ரீமாவின் வீட்டுச் சுவரில் தேத்தண்ணிக் கறை. கோப்பையை எறிந்திருக்கிறாள். தொலைக்காட்சியில் அரபுச் சானல். ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கும் ஒருவன், நல்ல கோட், கத்தரித்த தாடி. பேட்டி எடுப்பவன் எழும்பி நின்று கைகொடுக்கிறான்.

"நான்தான் அபூ யஸான் எண்டு சொல்லுறான்," என்றாள் ரீமா.

"அது ஆர்?"

"நான்."

விளங்க எனக்கு நேரம் எடுத்தது. அவர்களிடம் ஆளைப் பெயர் சொல்லாமல் மூத்த மகனின் தகப்பன் என்று கூப்பிடும் வழக்கம். அபூ என்றால் தகப்பன், உம்மு என்றால் தாய். எங்களிடமும் உண்டுதானே. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு வெளியில் என் சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது, "வசந்தன்ரை அம்மா"தான். ஆனால் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே. மகன் இல்லாதவனுக்கும் அந்தப் பெயர் உண்டு. கலியாணத்துக்கு முன்னமே சிநேகிதர்கள் மாஜித்துக்கு அபூ யஸான் என்று வைத்துவிட்டார்கள். பிறந்தது லமீஸ். பெயர் மாறவில்லை. யஸான் என்றொரு பிள்ளை பிறக்கவே இல்லை. அவனுடைய தகப்பனைத்தான் தெருவே கூப்பிட்டது.

மாஜித்தைப் பிடித்த பிறகு, லெபனானில் அகதியாக இருந்த நாட்களில், ரீமா முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினாள். உம்மு லமீஸ் என்ற பெயரில். எந்தத் தெருவில் சோதனை, யாரைப் பிடித்தார்கள், யாரை எந்தச் சிறையில் கண்டார்கள். செய்தி தந்தவர்கள் ஊரில் இருந்த அவளுடைய சலூன் சிநேகிதிகள். அதிகாரிகளின் பெண்சாதிமார் தலைக்கு மை பூசிக்கொண்டு காயும்வரை இருக்கும்போது எல்லாவற்றையும் கதைப்பார்களாம். பெண்கள் சலூனில் யுத்தம் பற்றிக் கதைப்பார்கள் என்று எந்த ஒற்றனுக்கும் தோன்றவில்லை.

உம்மு லமீசுக்கு வந்த பதில்கள்: அடுப்படிக்குப் போ. கிப்பே இறைச்சி உருண்டைக்குச் செய்முறை போடு. புருஷன் இல்லாத வீட்டில் உனக்கு என்ன கைபேசி. இன்னும் படங்கள், அவற்றை எழுத மாட்டேன்.

ஒரு நாள் அதே செய்தியை, அதே சொற்களில், புதுப் பக்கத்தில் அபூ யஸான் என்று போட்டாள். ஹோம்ஸில் எத்தனையோ அபூ யஸான்கள், ஒருவரையும் காட்டிக் கொடுக்காது என்று நினைத்தாள். பதில்கள்: சிங்கமே. அல்லாஹ் உன் கையைக் காக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு நீதான் கண்.

வகுப்பில் எத்தனையோ உதாரணம் தேடியிருக்கிறேன். இதைவிட நல்லது கிடைத்திருக்காது. ஒரே விடை, இரண்டு விடைத்தாள், பெயர் மட்டும் வேறு. ஒன்றுக்குப் பூச்சியம், மற்றதற்கு நூறு.

"உந்தக் கோட்டுக்காரன் அந்தப் பேரை வைச்சிருக்கட்டும் எண்டு விடலாம் ரீச்சர். ஆனால் காணாமல் போனவையின்ரை பேரை எனக்கு அனுப்புங்கோ எண்டு சொல்லுறான். நேற்று ஒரு தாய்க்கு, உன்ரை மகன் செத்திட்டான் எண்டு எழுதிப்போட்டான். அந்தப் பெடியன் உயிரோடை வெளியிலை வந்திட்டான். தாய் இப்ப ஆஸ்பத்திரியிலை."

டிசம்பர் 11, புதன்

மழை கலந்த பனி. ரீமா தன் முகத்தைக் காட்டி வீடியோவில் உண்மையைச் சொல்லப் போகிறாள். என் வீட்டுச் சுவர் வெள்ளை என்பதால் இங்கேதான் படம் பிடிப்பு.

தாய்க்கும் மகளுக்கும் சண்டை. லிப்ஸ்டிக் பூசினால் கொண்டாட்டத்தில் இருக்கிறாள் என்பார்கள். பூசாவிட்டால் வருத்தக்காரி என்பார்கள்.

"ஸ்கார்ப் போட்டால் கனடாக்காரர் அழுவினம்," என்றாள் லமீஸ், "போடாட்டி எங்கடை அங்கிள்மார் அழுவினம். யூ கான்ட் வின், அம்மா."

"அப்ப எல்லாரும் அழட்டும்," என்று தலையை அவிழ்த்து விட்டாள் ரீமா.

பேசியது கொஞ்ச நேரம்தான். பழைய பதிவுகளின் பிரதிகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள், கடவுச்சொல் போட்டுப் பக்கத்தின் உள்ளே புகுந்து காட்டினாள், கோட்டுக்காரனால் முடியுமா என்று கேட்டாள். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. கை மேசைக்குக் கீழே என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது. சேலை கசங்கிவிட்டது, அதைப் பிறகு பார்க்கலாம்.

டிசம்பர் 12, வியாழன்

இடியப்பம் புளித்துவிட்டது, கொட்டினேன். சலூனில் ரீமாவுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள்.

வீடியோவுக்குக் கீழே வந்தவற்றில் லமீஸ் வாசித்துச் சொன்னவை:

இவள் அபூ யஸான் என்றால் நான் எகிப்தின் ராணி.

தலையில் துணி இல்லாதவளிடமா என் மகனின் பெயரைக் கொடுத்தேன்.

ஆம்பிளைப் பெயரில் எழுதியவளுக்கு ஆம்பிளைக்குக் கொடுக்கும் அடியைக் கொடுக்க வேண்டும்.

விரல்களை அறுக்க வேண்டும். நாக்கைப் பிறகு.

கனடாவில் எந்த ஊர்? விலாசம் யாருக்குத் தெரியும்?

மகளும் அழகாகத்தான் இருக்கிறாள்.

கடைசி ஒன்றை வாசித்துவிட்டு லமீஸ் கைபேசியைக் குப்புற வைத்தாள். பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டாள், வயிற்றில் இருந்ததைச் சத்தி எடுப்பது கேட்காமல் இருக்க. கேட்டது.

ஓடிப்போனவனின் ஆட்களும் திட்டுகிறார்கள், வென்றவர்களின் ஆட்களும் திட்டுகிறார்கள். இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் கொன்ற இரண்டு பகுதியும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை. நல்ல வார்த்தையும் வராமல் இல்லை. "சகோதரி, அந்த வீதியால் போகாதே என்று நீ எழுதியதால் என் அண்ணன் உயிரோடு இருக்கிறான்," என்று ஒருவன் தன் பெயரும் படமும் போட்டு எழுதியிருக்கிறான். அவனுக்குக் கீழேயும் நூறு பேர் அவனைக் கிழிக்கிறார்கள்.

முகநூலைக் கரும்பலகை மாதிரி என்று நினைத்திருந்தேன். யாரும் எழுதலாம், எல்லாரும் வாசிக்கலாம். பலகையில் எழுதுகிறவரின் முதுகு வகுப்பின் பக்கம்தான், பின்னால் இருந்து எதையும் எறியலாம் என்பதை, அத்தனை வருஷம் சோக்குக்கட்டியோடு நின்ற நானே மறந்துவிட்டேன்.

ஒரு வானொலிக்காரி போன் எடுத்தாள். இனிமையான குரல். பர்தா போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்களா, படத்துக்கு ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டாளாம்.

"இத்தனை வருஷம் சிறை பற்றி எழுதினன். அவ என்ரை தலைமயிரைப் பற்றிக் கேக்கிறா. தலைமயிர்தான் என்ரை தொழில் ரீச்சர், ஆனால் உதுக்குச் சலூனிலை நேரம் குறிச்சு வரச் சொன்னன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிப்பு நிற்க நேரம் எடுத்தது.

டிசம்பர் 13, வெள்ளி

காலை. அங்கே பின்னேரம். ஹோம்ஸில் இருந்து ஒரு வீடியோ அழைப்பு. ரீமா என்னையும் கூப்பிட்டாள். லமீஸ் எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிறையில் இருந்து வந்த மனிதர். வயது சொல்ல முடியாது. முன்பற்கள் இல்லை. கைபேசியைப் பிடித்த விரல்களில் நகங்கள் இல்லை.

"உங்கடை வீடியோவை என்ரை தங்கச்சி காட்டினாள். நானும் அபூ யஸான்தான்," என்றார்.

அவர் சொன்னதை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

அபூ யஸான் பக்கம் பெரிதானதும் விசாரணை அதிகாரிகளுக்கு அந்த ஆள் வேண்டியிருந்தது. வெளியே பிடித்தவர்களில் அந்தப் பெயர்க்காரர்களைப் பிரித்தார்கள், பிறகு ஏற்கெனவே உள்ளே கிடந்தவர்களையும். எல்லாரையும் ஒரு கூடத்தில் வரிசையாக முழந்தாளில் இருத்தினார்கள். ஒவ்வொருவரையும் வாகன டயருக்குள் மடித்துத் திணித்து, மேலே தூக்கிய உள்ளங்காலில் கேபிளால் அடி. அடிக்கு முன்னால் ஒரு பதிவை உரக்க வாசிப்பார்கள், நீயா எழுதினாய் என்று கேட்பார்கள். ஒருவர் இரண்டாம் நாளே அந்த டயருக்குள் செத்தார். உடலை எடுக்காமலே அடுத்தவரைப் பக்கத்தில் போட்டார்கள்.

"அந்தப் பதிவு இன்னும் பாடம். சொல்லட்டோ?"

ரீமா தலையாட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"இவர்கள் பழைய கொம்பிரசர் மாதிரி. இரைந்தால் பயமில்லை. இரைச்சல் நின்றால் வயரைக் கழற்றிவிட்டு விலகி நில்லுங்கள். தோட்டத் தெருச் சாவடியில் இன்று இரைச்சல் இல்லை."

ரீமா என் பக்கம் திரும்பினாள்.

"ஆம்பிளை எழுதினது மாதிரி இருக்கவேணும் எண்டு..." என்றாள். "ஆம்பிளையள் மெசின் பற்றித்தானே கதைப்பினம். மாஜித் சாப்பிடேக்கை சொல்லுற கதையளை எடுத்துப் போட்டன். கொம்பிரசர், காஸ், வயர்..."

அந்தக் கதைகளைப் படித்துவிட்டுத்தான் அதிகாரி ஒருநாள் கேட்டானாம்: உங்களில் பிரிட்ஜ் திருத்துகிறவன் எவன்?

"மாஜித் எனக்குப் பக்கத்திலை. அந்தப் பதிவை அண்டைக்குத்தான் முதல்முதல் முழுசாய்க் கேட்டவர். வாயிலை இரத்தம். சிரிச்சார். விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சன். பிறகு, 'அது என்ரைதான், நான்தான் பிரிட்ஜ்காரன், இவையை விடுங்கோ' எண்டார்."

நீ உள்ளே இருக்கும்போது யார் எழுதுகிறது என்று அதிகாரி கேட்டான். கடையில் வேலை செய்த பெடியன்கள், துருக்கிக்குப் போய்விட்டார்கள் என்றார் மாஜித். உன் பெண்சாதி எங்கே என்று கேட்டான்.

"அதுக்கு மாஜித் சொன்னார்: 'அவளோ? அவளுக்குத் தலைமயிர் வெட்டத்தான் தெரியும். கடைக் கணக்கு எழுதவே பிழை விடுவாள்.' அதிகாரி சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்கள். பிறகு உங்களைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை."

மாஜித்தைக் கொண்டுபோனார்கள், கொண்டுவந்து போட்டார்கள், மறுபடி கொண்டுபோனார்கள். கடைசியில் உடலைக் கம்பளியில் சுற்றித் தூக்கியபோது இடது கால் வெளியே தெரிந்தது. பெருவிரலில் நகம் இல்லை. "எங்களுக்கு ஒருத்தருக்கும் நகம் இல்லை," என்றார் அவர். "ஆனால் அவரின்ரையது பழைய காயம்."

ரீமா அழவில்லை.

"அப்பிடியே சொன்னவரோ? கணக்குப் பிழை விடுவாள் எண்டு?"

"ஓம் சகோதரி."

"பொய். அந்தக் கடைக் கணக்கு முழுக்க நான்தான் எழுதினது. ஒரு பிழை இல்லை."

பிறகு நெற்றியை மேசையில் இடித்தாள். மறுபடி. மறுபடி. நான் நடுவில் கையை வைத்தேன். என் கைமேல் இடித்தாள்.

டிசம்பர் 14, சனி

இன்று நடந்ததை லமீஸின் மடிக்கணினியில் ஒற்றைக் கையால் தட்டுகிறேன்.

மாஜித்தின் தம்பி நிதால் ரெக்ஸ்டேலில் இருப்பவன். போன வருஷம் என் மைக்ரோவேவை மேலே தூக்கி வந்து வைத்தவன், பெருநாளுக்கு ஒலிவ் காய் கொண்டு வருகிறவன். நல்ல பெடியன் என்பேன். அந்த மனிதர் ஹோம்ஸில் மாஜித்தின் தாயிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். தாய் மயங்கி விழுந்துவிட்டா. இவனுக்குச் செய்தி வந்தது.

நான் ரீமா வீட்டுக்குச் சூப் கொண்டு போயிருந்தேன். கதவு சுவரில் மோதித் திரும்பியது. நிதால் முதலில் ரீமாவின் கையில் இருந்த கைபேசியைப் பிடுங்கி நிலத்தில் அடித்தான். பிறகு அவள் முகத்தில், முஷ்டியால். பல் உடைந்த சத்தம் கேட்டது, காய்ந்த அவரையை உடைப்பது போல. விழுந்தவளைத் தலைமயிரில் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனான். அங்கே பிரிட்ஜ் கதவில் அவள் தலையை மோதினான்.

"இதாலை கொலை செய்தனி! என்ரை அண்ணனை அவன்ரை வாயிலை இருந்து எடுத்த சொல்லாலை கொலை செய்தனி!"

லமீஸ் அவன் முதுகில் பாய்ந்து தோளைக் கடித்தாள். உதறினான், நாற்காலியோடு போய் விழுந்தாள். நான் வகுப்பில் போடும் சத்தத்தைப் போட்டேன், தமிழில்: "டேய், விடு! அங்காலை போ!" ஒரு கணம் நின்றான். உண்மையாகவே நின்றான், பிழை செய்த மாணவன் போல என்னைப் பார்த்தான். பிறகு தள்ளினான். அடுப்பு விளிம்பில் என் வலது மணிக்கட்டு.

நான் கத்தியதில் அவன் கை தளர்ந்தது. சூப் கொட்டிய நிலத்தில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பொலிஸ் வந்து விலங்கு போடும்போதும் அழுதான். ரீமா வாயில் இரத்தத்தோடு அரபியில் அவனிடம் ஏதோ சொன்னாள். லமீஸிடம் கேட்டேன். "சாப்பிட்டியா எண்டு கேக்கிறா," என்றாள். அவளுக்கே கோபம்.

ரீமாவின் புருவத்தில் தையல். எனக்கு எலும்பு வெடிப்பு, மாவுக்கட்டு.

சிவலிங்கண்ணைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "நான் சொன்னன்தானே ரீச்சர், உவங்கள் இப்பிடித்தான். எங்கடை ஆக்கள் எண்டால்..."

"அண்ணை, எங்கடை பொம்பிளைப் பிள்ளை ஒண்டு மேடையிலை பேசின வீடியோவை உங்கடை குறூப்பிலை போட்டவை. என்ன எழுதினவை எண்டு ஞாபகமோ? தேப்பன் ஆர், வளர்ப்பு என்ன, ஆர் கட்டுவான். நீங்களும் கீழை சிரிச்ச முகம் ஒண்டு போட்டனீங்கள்."

"அது பகிடி ரீச்சர்."

"ஓம். முதலிலை எல்லாம் பகிடிதான்."

வைத்துவிட்டார்.

டிசம்பர் 16, திங்கள்

இடது கை. எழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளையுடையது. சுருக்கமாக.

வெளியே உறைபனி. ரீமாவின் ஒரு கண் முழுக்க மூடிவிட்டது.

மாஜித்தின் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஹோம்ஸில் இருந்து போன் எடுத்தார். மரியாதையான மனிதர். நிதாலுக்காக மன்னிப்புக் கேட்டார். பிறகு யோசனை சொன்னார்: எல்லாம் மாஜித்தான் எழுதினார் என்று சொல். பிடிபடும்வரை அவர், பிறகு அவருடைய பெடியன்கள். அவரே அப்படித்தானே வாக்குமூலம் கொடுத்தார். மாஜித் தியாகி. நீ தியாகியின் பெண்சாதி. ஒருவரும் உன்மேல் கை வைக்க மாட்டார்கள். கோட்டுக்காரனும் வாயை மூடுவான்.

நல்ல யோசனை. அதுதான் பயம்.

லமீஸ்: "சொல்லுங்கோ அம்மா. ப்ளீஸ். டாட்டுக்கும் நல்லது, எங்களுக்கும் சேஃப்." அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கதவுக்குப் பின்னால் நாற்காலி வைத்திருக்கிறாள்.

ஆனால் லமீஸின் கைபேசிக்கு இன்னொரு வகைச் செய்திகள் வரத் தொடங்கிவிட்டன. பெண்கள். "என் கணவரையும் அபூ யஸான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் பிடித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?" "என் தம்பி அபூ யஸான். தையல்காரன். ஒரு குற்றமும் செய்யவில்லை. ஏன்?"

ஏன் என்பது ரீமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"மாஜித் எழுதினார் எண்டு சொன்னால் உவைக்கு என்ன பதில்?" என்று கேட்டாள். "செத்த மனுசனைப் போய்க் கேளுங்கோ எண்டோ?"

அப்பிள் வெட்டிக் கொடுக்கப் பார்த்தேன், இடது கையால் வெட்ட வரவில்லை. அவள் வெட்டினாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

வகுப்பை நிறுத்தினேன். பனி இல்லை, காற்று மட்டும்.

காலையில் ரீமா முகம் கழுவினாள். வீங்கிய கண்ணை மறைக்க லமீஸ் எதையோ பூச வந்தாள். வேண்டாம் என்றாள். என் சமையலறையில், ரீமாவின் சிம் போட்ட லமீஸின் கைபேசியில், நேரலை. கை மேசைக்கு மேலே இருந்தது.

லமீஸ் அழுதுகொண்டே சொன்னதில் எனக்குப் பிடிபட்டது:

"நான் ரீமா. அபூ யஸான் நான். மாஜித் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை நான் இனிச் சொல்ல மாட்டேன். ஆண் எழுதுவது போல இருக்க வேண்டும் என்று என் கணவரின் தொழிலை எடுத்து எழுதினேன். அதை வைத்து அவரைப் பிடித்தார்கள். நான் எடுத்த பெயரை வைத்து வேறு ஆண்களையும் அடித்தார்கள், கொன்றார்கள். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அடித்தது சிறை அதிகாரிகள். பெயர் என்னுடையது. உங்கள் வீட்டில் அபூ யஸான் என்று யாரும் இருந்தால், ஏன் என்று கேட்க இது என் நம்பர்."

நம்பரை வாசித்தாள். நான் தடுக்க எழும்பினேன். லமீஸ் என் மாவுக்கட்டைப் பிடித்து இருத்தினாள்.

தொடங்கியது. கொலை செய்வோம் என்றவர்கள், சிரித்துவிட்டு வைத்தவர்கள், வெறும் மூச்சு விட்டவர்கள். ஒவ்வொன்றையும் எடுத்தாள். ஒரு பெண் பேசாமல் அழுதுவிட்டு வைத்தாள். கோட்டுக்காரனின் ஆள் ஒருவன் வழக்குப் போடுவோம் என்றான், போடு என்றாள்.

பிறகு ஒரு தாய். இரண்டாம் நாளே டயருக்குள் செத்த அந்த மனிதரின் தாயாம். ரீமா கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். நான் கேட்ட குரல்களில் அப்படி ஒரு குரல் இல்லை. லமீஸ் மொழிபெயர்க்கத் தொடங்கினாள், முடியவில்லை. உன் கண் அவியட்டும், உன் மகளின் வயிற்றில் கல் பிறக்கட்டும், என் பிள்ளையின் ஒவ்வொரு அடியும் உன் எலும்பில் இறங்கட்டும், இதுவரைதான் சொன்னாள். ரீமா வைக்கவில்லை. குறுக்கே பேசவில்லை. ஒவ்வொரு வசையின் முடிவிலும் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று மட்டும்.

நெடுநேரம். கேத்தில் கொதித்து, அணைந்து, ஆறிவிட்டது.

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. முடிந்தது என்று நினைத்து ரீமா கைபேசியை நோக்கிக் கையை நீட்டினாள்.

அந்தத் தாய் வேறு குரலில் ஏதோ சொன்னா. சின்னதாக.

லமீஸைப் பார்த்தேன்.

"வைச்சிடாதை எண்டு சொல்லுறா," என்றாள். "அவவின்ரை வீட்டிலை செத்த மகனைப் பற்றிக் கதைக்க வேறை ஒருத்தரும் இல்லையாம்."

ரீமா நாற்காலியை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். அந்தத் தாய் மறுபடி ஏசத் தொடங்கினா.